சூரியனைத் தொடரும் தெப்பங்கள்

திருவிழாக் காலத்தே சுவாமி எழுந்தருளிய தெப்பம் கேணியை வலம்வரக் கண்டு வளர்ந்தவர் நாம். இன்று மின்சாரம் விளைக்கும் தெப்பங்களும் நீர்நிலைகளில் மிதக்கின்றன. அவற்றுட் சில சூரியன் செல்லும் திசைக்கேற்பத் திரும்பவும் வல்லன. இவை நம் குளங்களுக்கு ஏற்றனவா?

தரையிலே தகடுகளைத் திருப்புவதற்குத் தூண்களும் அச்சுகளும் வேண்டும். நீரிலோ பாரம் முழுவதையும் நீரே தாங்குகின்றது; சிறிய மோட்டாரே தெப்பத்தைத் திருப்பிவிடும். ஒல்லாந்து நாட்டு ஊஸ்ட்வோர்ன் ஏரியில் 180 தகடுகளைத் தாங்கிய வட்டத் தெப்பம் ஒன்று இவ்வாறு அமைக்கப்பட்டது. அன்றியும், வெப்பம் ஒரு பாகை ஏறத் தகட்டின் திறன் ஏறக்குறைய 0.4 வீதம் குறையும். நீரின் குளிர்ச்சி அவ்விழப்பைத் தணிக்கும். தெப்பத்தின் நிழல் நீர் ஆவியாதலையும் குறைக்கும்.

ஆயினும் ஒல்லாந்தின் வானம் வேறு, நமது வானம் வேறு. அங்கே சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால், சாய்த்து வைத்த தகடுகளைச் சுழற்றுதல் நற்பயன் தரும். யாழ்ப்பாணமோ நடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குள் உள்ளது. சித்திரை வருடப்பிறப்பை அண்டியும் ஆவணியிலும் நண்பகலிற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். அந்நாள்களில் அது கிழக்குத் திசையினின்று மேற்குத் திசைக்கு மிகக் குறுகிய நேரத்தில் மாறிவிடும். தெப்பம் அதனைத் துரத்துவதில் இலாபம் சிறிதே. நமக்கு வேண்டுவது காலையிற் கிழக்கும் மாலையில் மேற்கும் சாயும் தகடு. ஆனால் சாய்ந்து உயர்ந்த தகடு காற்றுக்குப் பாய்போலாகும்.

காற்றின் வலிமையை யப்பான் நன்கறிந்தது. யமகுரா அணைக்கட்டு நீரில் 2018 இல் இயங்கத் தொடங்கிய 13.7 மெகாவாற்று மின்னிலையம், 2019 செப்தெம்பரிற் சூறாவளியால் நங்கூரம் அறுந்து, தகடுகள் ஒன்றன்மேலொன்றாய்க் குவிந்து, தீப்பற்றியது. அதுவோ திரும்பாது நின்ற தெப்பம். சூறாவளியும் மாரிவெள்ளமும் கண்ட நம் நாட்டில், கோடையில் வெகுவாக வற்றும் குளத்தில், திரும்பவும் வேண்டும், அறாதிருக்கவும் வேண்டும் என்றால் நங்கூரத்தின் சுமை எத்தகையது!

ஆதலின் நங்கூரமே முதலில் வகுக்கப்படல் வேண்டும். சுழற்சி அதன் பின்னரே என்பது என் துணிபு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் 2020 இல் நோர்வேயின் உதவியுடன் சிறு மிதக்கும் மின்னிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அத்தகைய சிறு முயற்சியே நேரிய வழி. அசையாத் தெப்பம் ஒன்றையும் சாயும் தெப்பம் ஒன்றையும் அருகருகே மிதக்கவிட்டு, ஓராண்டு முழுதும் விளைவையும் செலவையும் அளந்து காண்க. கூடுதல் மின்சாரம் கூடுதற் செலவை ஈடுசெய்யாதாயின், நில்லென்று சொல்லவும் துணிதல் வேண்டும்.

குளம் முதலில் நெல்லுக்கும் மீனுக்கும் உரியது. கமக்காரனையும் மீனவனையும் கேளாது வரையப்படும் படம் எத்துணை நுட்பமாயினும் குறையுடையதே. பொறியியல் கற்கப் புகும் நம் கல்லூரி மாணவர் இதனை மனத்திருத்துவாராக.