சொல்லுக்குள் ஒரு கதை: ட்ராய் நகரம் தந்த மூன்று சொற்கள்

ஆங்கில நாளிதழ்களை வாசிக்கையில், எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தும் பொருள் விளங்காத சொற்கள் குறுக்கிடுவதுண்டு. அவற்றுட் பல பழங்கதைகளின் சுருக்கங்களே. கதை தெரிந்துவிட்டால் சொல் மறவாது. கிரேக்கர்களுக்கும் ட்ராய் நகரத்தாருக்கும் நடந்ததாகக் கூறப்படும் போரிலிருந்து பிறந்த மூன்று சொற்களை இம்மாதம் காண்போம். ட்ராய் இருந்த இடம் இன்றைய துருக்கியின் வடமேற்கில் உள்ளது. இக்கதைகள் கற்பனையே, ஆயினும் சொற்களின் வேர் அவற்றில்தான் இருக்கிறது.

1. மென்டர்

பொருள்: அனுபவத்தால் வழிகாட்டும் பெரியவர்.

கதை: போருக்குப் புறப்பட்ட ஒடிசியஸ் என்னும் அரசன், தன் இல்லத்தை நண்பர் ஒருவரின் பொறுப்பில் விட்டுச் சென்றான். அந்நண்பரின் பெயர் மென்டர். அப்பெயரே பின்னர் பொதுச் சொல்லாயிற்று.

செய்தியில்: 2021-ஆம் ஆண்டின் இருபது ஓவர் உலகக் கோப்பைப் போட்டிக்கு இந்திய அணியின் மென்டராக எம்.எஸ். தோனி நியமிக்கப்பட்டார். பயிற்சியாளரைக் குறிக்கும் 'கோச்' என்ற சொல் வேறு, இது வேறு.

2. அகிலீஸ் ஹீல்

பொருள்: வலிமை மிக்கவரையும் வீழ்த்தக்கூடிய ஒரு பலவீனம். 'ஹீல்' என்றால் குதிகால்.

கதை: அகிலீஸ் என்ற வீரனை, அவன் குழந்தையாக இருந்தபோது தாய் ஓர் அதிசய ஆற்றில் முக்கி எடுத்தாள். நீர் பட்ட உடலை ஆயுதம் துளைக்காது. ஆனால் அவள் பிடித்திருந்த குதிகாலில் நீர் படவில்லை. பிற்காலத்தில் அங்கே பாய்ந்த அம்பால் அவன் மாண்டான்.

செய்தியில்: வேகமாக வளரும் ஒரு நாடு எரிபொருளுக்குப் பிறரை நம்பியிருந்தால், எண்ணெய் இறக்குமதியே அதன் அகிலீஸ் ஹீல் என்று எழுதுவர்.

3. ட்ரோஜன் ஹார்ஸ்

பொருள்: நன்மைபோல் உள்ளே நுழைந்து கெடுக்கும் வஞ்சகம்.

கதை: கோட்டையைப் பிடிக்க இயலாத கிரேக்கர்கள், மாபெரும் மரக்குதிரை ஒன்றைச் செய்து, அதனுள் வீரர்களை ஒளித்து, வாயிலில் விட்டுச் சென்றனர். ட்ராய் மக்கள் அதை உள்ளே இழுத்தனர். இரவில் வீரர்கள் வெளிப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டனர். நகரம் அழிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: வஞ்சித்தவர்கள் கிரேக்கர்கள், ஆனால் சொல்லில் நிலைத்த பெயரோ வஞ்சிக்கப்பட்ட ட்ராய் நகரத்துடையது!

செய்தியில்: பயனுள்ள செயலிபோல் கைப்பேசியில் புகுந்து தகவல்களைத் திருடும் மென்பொருளுக்கும் 'ட்ரோஜன்' என்றே பெயர்.

இதே சொல் மனிதர்மீதும் வீசப்பட்டது. 2014-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், முஸ்லிம்கள் சிலர் பள்ளிகளைக் கைப்பற்றச் சதி செய்வதாக ஒரு கடிதம் வெளியாயிற்று. அச்சதிக்கு அக்கடிதம் சூட்டிய பெயர் ட்ரோஜன் ஹார்ஸ். எழுதியவர் யாரென்று தெரியவில்லை. கடிதம் போலியென்றே பரவலாகக் கருதப்பட்டது. ஆயினும் அப்பெயர் தலைப்புச் செய்தியாயிற்று. சிலர் கூட்டாகத் தம் கடும்போக்கைச் சில பள்ளிகளில் புகுத்த முயன்றனர் என்று அரசு நியமித்த விசாரணை கூறியது. 2015-இல் நாடாளுமன்றக் கல்விக் குழுவோ, ஒரேயொரு சம்பவம் நீங்கலாகத் தீவிரவாதத்துக்குச் சான்று இல்லை என்றது. மூத்த ஆசிரியர்கள் ஐவர் மீதான ஒழுங்கு விசாரணை, ஆவணங்கள் முறையாக வெளியிடப்படாத காரணத்தால் 2017-இல் கைவிடப்பட்டது.

இங்கே சொல் செய்த வேலையைப் பாருங்கள். குதிரை என்றதுமே, உள்ளே பகைவன் இருக்கிறான் என்பது முடிவாகிவிடுகிறது; சான்று பின்னர்தான் தேடப்படுகிறது. கதை அறிந்த வாசகர் மட்டுமே இங்கே நிறுத்தி, "குதிரையைத் திறந்து பார்த்தீர்களா?" என்று கேட்க முடியும்.

ஆகவே, உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். புதிய சொல்லின் பொருள், அதன் கதை, அது வந்த செய்தி, அச்செய்தியில் அது யாரைக் குறிக்கிறது என நான்கையும் எழுதச் சொல்லுங்கள். வாரம் மூன்று சொற்கள் போதும்.

அடுத்த இதழில், அரபு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களைக் காண்போம்.