ஜாமரைக் கழற்றுங்கள், கணக்கைக் கேளுங்கள்

தோழர்களே! பெங்களூரின் ஓசூர் ரோட்டிலும் அவுட்டர் ரிங் ரோட்டிலும் தேவனஹள்ளி ஏர்போர்ட் ரோட்டிலும் இரவு பகலாக வண்டி ஓட்டும் மஞ்சள் போர்டு தோழர்களே!

லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போதும், வண்டி எங்கே நிற்கிறதென்று ஓனருக்குத் தெரியாது என்று ஆசை காட்டி யாராவது ஜிபிஎஸ் ஜாமர் விற்க வந்தால் விரட்டியடியுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்தினால் சூப்பர்வைசரிடமிருந்து போன் வருகிறது. பதினான்கு மணி நேரம் ஓட்டியதைக் கேட்க மட்டும் ஆளில்லை. 2023 டிசம்பர் 1 முதல் கர்நாடக அரசு கட்டாயமாக்கிய டிராக்கிங் கருவிக்கும் பேனிக் பட்டனுக்கும் அப்போது வைத்த விலை 7,599 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவனுக்கு இது பெருஞ்சுமை. இதையெல்லாம் எதிர்த்துப் போராடத்தான் வேண்டும்.

ஆனால் யோசியுங்கள். 8 மணி நேர வேலை, அதற்கு மேல் ஓட்டினால் இரட்டைக் கூலி என்பது 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதப்பட்ட உரிமை. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கூடுதலாக ஓட்டினோம் என்பதை எப்படி நிரூபிப்பது? டிரிப் ஷீட் அவர்கள் எழுதுவது. வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது நின்றது என்று நிமிடம் தவறாமல் சொல்லும் சாட்சி அந்த ஜிபிஎஸ் பெட்டிதான். ஜாமர் போட்டால் நம் சாட்சியின் வாயை நாமே அடைக்கிறோம். சிக்னல் அறுந்த நேரமும் பதிவில் நிற்கும். டீசல் திருடினாய், லோடை மாற்றினாய் என்று அவர்கள் பழி போட அந்த இடைவெளியே போதும்.

பின் சீட்டில் இருப்பவரையும் நினையுங்கள். 2005 டிசம்பரில் இதே பெங்களூரில், இரவு வேலைக்குக் கிளம்பிய கால் சென்டர் பெண்ணை, அழைத்துப்போக வந்த ஓட்டுநரே கொன்றான். அதன்பின் நம் எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. ஆபத்தில் ஒரு பெண் பேனிக் பட்டனை அழுத்தும்போது, ஜாமரால் வண்டி இருக்கும் இடம் தெரியாமல் போனால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு.

கேடு வண்டியோடு நிற்பதுமில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் அலை தரையைத் தொடும்போது மிக மிக மெலிந்திருக்கும். சின்ன ஜாமரே அதை மூழ்கடித்துவிடும். 2012-இல் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில், விமானம் இறங்க உதவும் அமைப்பை ஒரு கம்பெனி பிக்கப்பில் இருந்த ஜாமர் குழப்பியது. முதலாளியின் கண்ணில் படாமலிருக்கத்தான் அந்த ஓட்டுநர் அதை வைத்திருந்தார். அவருக்கு 31,875 டாலர் அபராத நோட்டீஸ் போனது. இங்கேயும் அரசு அனுமதியில்லாத ஜாமர் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-லேயே எச்சரித்திருக்கிறது. மாட்டினால் வழக்கு நம் தலையில்தான், விற்றவன் வரமாட்டான்.

ஒளிந்துகொள்ள நாம் குற்றவாளிகள் அல்ல! மாதாமாதம் ஜிபிஎஸ் பதிவின் நகலைக் கேளுங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி கேளுங்கள். ஓய்வு நேரத்தில் போன் செய்து மிரட்டக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும், சங்கமாகக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த வாரமே உங்கள் ஸ்டாண்டில் கூட்டம் போடுங்கள், தோழர்களே!