கட்டிங் கணக்கு

திருப்பூரில் ‘கட்டிங்’ என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, பனியன் துணியை வெட்டும் வேலை. இன்னொன்று, குவார்ட்டர் பாட்டிலை இரண்டு பேர் பங்கு போட்டுக் குடிப்பது. டூட்டி முடிந்த அலுப்புக்கு ஒரு கட்டிங் என்று ஆரம்பிப்பது, சில வருடங்களில் தினமும் குவார்ட்டர் ஆகிவிடுகிறது. சனிக்கிழமை, சம்பள நாள், அதற்குக் கணக்கே கிடையாது.

ஞாயிறு ராத்திரி மேல்வயிற்றில் வலி வரும். “வாய்வா இருக்குமுங்க, ஒரு சோடா குடிங்க” என்பார் மனைவி. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்குவார்கள். திங்கட்கிழமை மெஷின் முன்னால் சுருண்டு உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

இது கணைய அழற்சியாக இருக்கலாம். கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. அது சுரக்கும் செரிமான நொதிகள் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். மது அந்த ஒழுங்கைக் கெடுத்தால், அவை உள்ளேயே வேலையைத் தொடங்கி, கணையத்தையே அரிக்கும். வலி முதுகுவரை பாயும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் சற்றுக் குறையும். வாந்தி எடுத்தாலும் தீராது.

180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. தினமும் இந்த அளவோ அதற்கு மேலோ ஐந்தாறு வருடம் குடித்தால் ஆபத்து நன்றாக ஏறிவிடும். ‘நான் பீர் மட்டும்தான்’ என்பதெல்லாம் கணையத்திடம் செல்லாது.

அப்படிக் குடிக்கிற எல்லோருக்கும் இது வருவதில்லை, நூற்றில் சிலருக்குத்தான். ‘அவன் இருபது வருசமா குடிக்கிறான், நல்லாத்தானே இருக்கான்?’ என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தச் சிலரில் ஒருவராக்குவதில் பீடி, சிகரெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். மதுவோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு 1000-ஐத் தாண்டுவதும் ஒரு காரணம். பித்தப்பைக் கல்லாலும் வரும் என்பதால், குடிப்பழக்கமே இல்லாத பெண்களும் இந்த வலியை வாய்வு என்று தள்ளிவிடக் கூடாது.

ரத்தத்தில் லைபேஸ் அளவு பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் தடவை வந்தவர்களில் பலர் ஒரு வாரத்தில் தேறி வீடு திரும்புகிறார்கள். சிக்கல் அடுத்த சனிக்கிழமைதான். மறுபடி குடித்தால் மறுபடி வரும். போகப்போகக் கணையம் சுருங்கி, சர்க்கரை நோயும் உடல் மெலிவும் வந்து சேரும். ‘கொஞ்சமா குடிச்சுக்கறேன்’ என்பதற்கு இனி இடமில்லை.

ஆனால் தினமும் குடிப்பவர் தானாகவே திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். டெலி மானஸ் இலவச எண் 14416. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்றில்லை, மனைவியும் கூப்பிடலாம்.