டீஎஸ்எச் கூடினால் தைரொய்ட் கூடிவிட்டது என்று அர்த்தமல்ல

போன மாதம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மேல் லயத்து அக்கா ஒருவர் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டி, "டீச்சர், இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். பத்து வருடத்துக்கு மேலாக நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். டீஎஸ்எச் 14.2 என்று போட்டு, பக்கத்தில் கூடுதல் என்பதைக் காட்டும் 'எச்' எழுத்து. படித்தவள் என்ற தைரியத்தில், "தைரொய்ட் கூடியிருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்னது பிழை. அதைக் கேட்டு, கிளினிக்கில் கொடுத்த தைரொக்ஸின் மாத்திரையை அவர் மூன்று வாரம் தொடவில்லை. அது தைரொய்ட் சத்தைக் கூட்டும் மாத்திரை என்று பக்கத்துக் காம்பராவில் சொல்லியிருக்கிறார்கள். "கூடினதுக்கு இன்னும் கூட்டுற மாத்திரை எதுக்கு டீச்சர்?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

டீஎஸ்எச் கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி 'வேலை செய்' என்று தைரொய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. மலையில் நிற்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கொழுந்து குறையக் குறையக் கங்காணியின் சத்தம் கூடும். சத்தம் கூடியதால் கூடை நிறைந்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? (சத்தம் போட்டால் கொழுந்து கூடும் என்று நம்பும் கங்காணிமார் என்னை மன்னிக்கட்டும்.) டீஎஸ்எச் கூடினால் பெரும்பாலும் தைரொய்ட் குறைவாகச் சுரக்கிறது. மிகவும் குறைந்தால் பெரும்பாலும் அது அதிகமாகச் சுரக்கிறது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4.0 வரை சாதாரண அளவு என்பார்கள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறும் என்பதால் உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் அளவையே பாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. டீஎஸ்எச் கொஞ்சம் மட்டும் கூடி, எஃப்டீ4 சரியாக இருந்தால், உடனே மாத்திரை தராமல் சில மாதத்தில் திரும்பச் சோதிக்கச் சொல்வதும் உண்டு. அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

சீனி வியாதி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தைரொய்ட் குறைந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். வழக்கமான அளவு மருந்துக்கே சீனி மிகவும் இறங்கிவிடலாம். சரிவில் கூடையோடு நிற்கும்போது வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தைரொய்ட் அதிகமானால் சீனி ஏறும். மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி கூட, தைரொய்ட் குறைவிலும் இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகையிலும், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பெண்களிடம் இரத்தச்சோகை புதிய கதையா? ஆகவே ஒரு இலக்கத்தை வைத்து நீங்களே மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். எல்லா ரிப்போர்ட்டையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்தது நம் தேத்தண்ணி. தைரொக்ஸினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் எடுக்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் கழித்தே தேத்தண்ணியும் சாப்பாடும். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். நாமோ விடியற்காலையில் எல்லா மாத்திரையையும் தேத்தண்ணியோடு ஒரே வாயில் போட்டுக்கொண்டு பிரட்டுக்கு ஓடுகிறோம். பிறகு மருந்து கேட்கவில்லை என்கிறோம். மருந்தளவு மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் திரும்பப் பரிசோதிக்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு ஒரு வருடமாகக் களைப்பு, மலச்சிக்கல், தாங்க முடியாத குளிர். களைப்புக்குச் சீனிதான் காரணம் என்றார்கள். குளிர் இங்கே யாருக்கு இல்லை என்றார்கள். நிறை குறைந்தபோது மலையில் சோம்பேறிப் பட்டம், செக்ரோலில் அரைப்பேர். கிளினிக்குக்குப் போனால் அந்த அரைப்பேரும் இல்லை. அதனால்தான் பலர் இரத்தம் கொடுத்தும் ரிப்போர்ட்டைக் காட்டப் போவதில்லை.

வீடு, காணி என்று பெரிய பிரச்சினைகள் இருக்க இது எதற்கு என்று சில தோழர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். வீட்டையும் காணியையும் விடச் சொல்லவில்லை. சம்பளப் பேச்சுக்குப் போகும்போது, கிளினிக் கொப்பியில் திகதி இருந்தால் அன்றைய பேர் உண்டு என்ற கோரிக்கையையும் நம் தலைவர்கள் மேசையில் வைக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ரிப்போர்ட்டைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. அதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

அக்காவோடு நானும் கிளினிக்குக்குப் போனேன். மூன்று வாரம் மாத்திரை நின்றதற்கு நான்தான் காரணம் என்று வைத்தியரிடம் சொன்னேன். இப்போது திரும்பவும் எடுக்கிறார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ரிப்போர்ட்டோடு யார் வந்தாலும் வாசித்துக் காட்டுவேன். மருந்தளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.