கைகாட்டி மரமும் வரலாறே

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

வரலாறு என்றதும் நாஞ்சில் நாட்டு மாணவர்களாகிய நமக்கு நினைவுக்கு வருபவை சுசீந்திரத்துக் கல்வெட்டுகளும், பத்மநாபபுரம் அரண்மனையும், வட்டக்கோட்டை மதிலுந்தான். அவை வரலாறு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு ரயில் நிலையத்தில் முன்பு எத்தனை தண்டவாளங்கள் கிடந்தன, அவை எங்கே பிரிந்து எங்கே சேர்ந்தன, எந்த இடத்தில் கைகாட்டி மரம் நின்றது என்று ஒருவர் ஆராய்ந்தால், "இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப் போகிறது?" என்று சிரிக்கிறோம். இந்தச் சிரிப்பு நியாயமற்றது என்பதே என் கருத்து. ஒரு சிற்றூர் ரயில் நிலையத்தின் பழைய தண்டவாள அமைப்பும் சிக்னல் அமைப்பும் கல்வெட்டைப் போலவே காப்பாற்றப்பட வேண்டிய ஆவணங்கள் ஆகும்.

வழியிலுள்ள நிலையம் வேறு, பாதை முடிகின்ற கடைசி நிலையம் வேறு. நீராவி எஞ்சின் காலத்தில் கடைசி நிலையத்துக்கு வண்டி வந்து நின்றதும், எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளம் வழியாகக் கொண்டுவந்து மறுமுனையில் பூட்டுவார்கள். அதன் முகத்தைத் திருப்ப ஒரு சுழல்மேடையோ, முக்கோணப் பாதையோ தேவைப்படும். தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி, நிலக்கரிக்கு ஓர் இடம், சாம்பல் தள்ள ஒரு குழி, சரக்குப் பெட்டிகளை ஒதுக்கித் தள்ள ஒரு கிளைத் தண்டவாளம் ஆகியவையும் வேண்டும். எனவே நிலையத்தின் வரைபடம் ஒன்று கையில் கிடைத்தால், அங்கே எவ்வளவு நீளமான வண்டி வந்தது, சரக்கு மிகுதியா ஆள் மிகுதியா, இரவில் எஞ்சின் தங்கியதா என்பதையெல்லாம் கண்டு சொல்லிவிடலாம். ஒரு வீட்டின் அடுக்களைப் பாத்திரங்களைப் பார்த்தே அங்கு உண்பவர் எத்தனை பேர் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவதில்லையா? அதைப் போலத்தான்.

சிக்னலை எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் 'கைகாட்டி' என்று அழகாகப் பெயரிட்டார்கள். பழைய கைகாட்டியின் கை கிடையாக நின்றால் 'நில்' என்று பொருள். அக்கை 45 பாகை கீழே சாய்ந்தால் 'போ' என்று பொருள். இரவில் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளுக்குப் பின்னே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரியும். நிலையத்தில் ஒருவர் நெம்புகோலை இழுத்தால், நெடுந்தொலைவு ஓடும் கம்பி அந்தக் கையைச் சாய்க்கும். கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? எதிர் எடை ஒன்று கையைத் தானாகவே கிடைநிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதாவது, கருவி பழுதானால் 'நில்' என்றுதான் சொல்லும், ஒருபோதும் 'போ' என்று சொல்லாது. விளக்கு அணைந்துபோன சிக்னலையும் 'நில்' என்றே ஓட்டுநர் கொள்ள வேண்டும் என்பது விதி. நெம்புகோலும் எதிர் எடையும் நாம் பாடப்புத்தகத்தில் படித்தவைதாம். மனித உயிரின் மதிப்பை உணர்ந்த ஒருவர் அவற்றை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதற்குக் கைகாட்டியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு ஏது?

இனி, இத்தகைய ஆராய்ச்சி எந்த அளவுக்கு முக்கியமானது என்பதற்கு நம் கடற்கரையிலேயே உள்ள ஒரு சான்றைக் காட்டுகிறேன். அதுதான் தனுஷ்கோடி.

1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை நேரே தனுஷ்கோடிவரை சென்றது. சென்னையில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்புக்குச் சென்றார். அந்த வண்டியையே 'போட் மெயில்' என்றார்கள். இன்றைய இளைஞர் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்குச் சென்றது. இராமேசுவரத்துக்குச் சென்றதோ பாம்பனில் பிரிந்த கிளைப் பாதை. இன்று எல்லா வண்டிகளும் போய்ச் சேரும் ஊர் அன்று ஒரு கிளையின் நுனி. தண்டவாள வரைபடத்தைப் பார்க்காதவருக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் விளங்காது.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பயணி வண்டியைப் புயல் அலை விழுங்கியது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி மனிதர் வாழத் தகாத ஊர் என்று பின்னர் அரசு அறிவித்தது. பாம்பன் பாலம் சீராக்கப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை கைவிடப்பட்டது.

அந்த இரவைப் பற்றிப் பலரும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. நிலையத்தை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. வண்டி இருளில் நின்றது. ஓட்டுநர் நீண்ட விசில் கொடுத்துக் காத்திருந்தார். பிறகு துணிந்து வண்டியை நகர்த்தினார் என்பார்கள். இதைச் சொல்லும்போது சிலர் ஓட்டுநர் அவசரப்பட்டுவிட்டார் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். இறந்துபோன ஓர் உழைப்பாளியின் மீது எவ்வளவு எளிதாகப் பழி சுமத்திவிடுகிறோம்! அவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அவர் சார்பில் பேசக்கூடியது சிக்னல் வரைபடம் ஒன்றுதான்.

வெளிச் சிக்னல் நிலையத்திலிருந்து எத்தனை கெஜத்தில் நின்றது? அந்த இடத்தில் இருபுறமும் கடல் எவ்வளவு அருகில் இருந்தது? பாதையின் மேடு எவ்வளவு உயரம்? அங்கேயே நின்றிருந்தால் வண்டி பிழைத்திருக்குமா, அல்லது நிற்பதும் நகர்வதும் ஒன்றுதானா? விசில் கொடுப்பதைக் கலக்கத்தின் அடையாளமாகக் கதை சொல்பவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் சிக்னலில் நிறுத்தப்பட்ட ஓட்டுநர் விசில் கொடுத்து நிலையத்தாருக்குத் தம் இருப்பைத் தெரிவிப்பதே ரயில்வே நடைமுறை. அதை அறிந்தவுடன் அதே கதை வேறு விதமாக ஒலிக்கிறது அல்லவா? ஒரு மரம் நின்ற இடத்தைத் தேடுவது ஒரு மனிதரின் மானத்தைத் தேடுவதாகவும் ஆகிவிடுகிறது.

ஓகிப் புயல் வீசிய 2017-ஆம் ஆண்டை நம் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். கடலுக்குப் போனவர் எத்தனை பேர், எந்தப் படகு எந்தத் திசையில் போயிற்று என்ற சரியான கணக்கு இல்லாமல் கடற்கரை ஊர்கள் பட்ட பாட்டை நாம் கண்ணாரக் கண்டோம். பேரிடருக்குப்பின் இருப்போருக்கு ஆறுதலும் நியாயமும் கிடைக்கக் குறிப்பேடுகள் எவ்வளவு தேவை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

"இவையெல்லாம் இறந்தகாலம், இன்றைக்கு என்ன பயன்?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில். 2023 ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவின் பாகாநகா பஜார் நிலையத்தில், நேர்ப்பாதையில் செல்ல வேண்டிய கோரமண்டல் விரைவு வண்டி லூப் பாதைக்குத் திரும்பி, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் மின்சுற்றில் முன்பு எப்போதோ செய்த மாற்றத்திலும், அன்றைய லெவல் கிராசிங் வேலையிலும் நேர்ந்த குறைபாடுகளே காரணம் என்று மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. சிக்னல் பெட்டிக்குள் கம்பிகளுக்கு இட்ட அடையாளம் தவறாக இருந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது. நேற்றைய மாற்றத்தை நேற்றே ஒழுங்காக எழுதி வைக்காவிட்டால், அது நாளைய பயணியின் உயிரைக் கேட்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

ஆகவே இத்துறையில் உழைப்பது எப்படி? பழைய பணியாளர் கால அட்டவணைகள், நிலையச் செயல்பாட்டு விதிகள், சிக்னல் வரைபடங்கள், நில அளவைப் படங்கள், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். தனுஷ்கோடி மணலில் நிற்கும் நிலையச் சுவர்கள் போன்ற எச்சங்களை அந்தப் படங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். திருச்சியிலுள்ள ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் செல்பவர் எஞ்சின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பாமல், பழைய சிக்னல் கருவிகளின் முன்னும் சற்று நிற்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்க வேண்டும். தனுஷ்கோடியைப் பொறுத்தவரை அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. கேட்பதற்கு ஆள் அரிது.

ஆனால் நம் மாவட்டத்தின் நிலை அப்படியன்று. நமக்கு ரயில் வந்ததே பிந்தித்தான். திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி அகலப்பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திருநெல்வேலி - நாகர்கோவில் பாதை 1981 ஏப்ரலில் வந்தது. நாட்டின் தென்கோடிக் கடைசி நிலையம் நம்முடையது. திருவனந்தபுரத்துப் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் நாகர்கோவில் சந்திப்புக்குள் ஒரே பக்கமாக நுழைவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வண்டி அங்கு வந்தால் எஞ்சினை மறுபக்கம் மாற்றத்தான் வேண்டும். எத்தனையோ முறை அந்த நேரத்தில் தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறோம். அந்தத் தாமதத்துக்குக் காரணம் தண்டவாள அமைப்பு என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இப்போது மின்மயமாக்கமும் இரட்டைப் பாதையும் வந்து அந்தப் பழைய அமைப்பு நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாறுமுன் எப்படி இருந்தது என்று எழுதி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்களைப் போன்றவர்களின் பாட்டன்மார் பெயர் எந்தக் கோயில் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் இந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்களும், ஜல்லி உடைத்தவர்களும், பின்னர் பாயிண்ட்ஸ்மேனாகவும் கேங்மேனாகவும் வேலை பார்த்தவர்களும் அத்தகைய வீட்டு மனிதர்கள். அவர்களுள் பலர் ஓய்வு பெற்று இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் இருப்பது எழுத்தில் ஏறாவிட்டால், அவர்களோடு அதுவும் போய்விடும்.

இதற்குத் தண்டவாளத்தில் இறங்கி அளக்க வேண்டியதில்லை. அது ஆபத்து, சட்டப்படி குற்றமும் கூட. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். வரலாற்றுத் துறையும் இயற்பியல் துறையும் சேர்ந்து பத்து மாணவர்களை அனுப்பினால், ஒரே கோடை விடுமுறையில் இருபது பெரியவர்களைக் கண்டு பேசிவிடலாம். தொடக்கத்தில் எத்தனை தண்டவாளங்கள், சிக்னல்கள் எங்கே, எது எந்த ஆண்டில் மாறியது என்ற மூன்று கேள்விகளே தொடங்கப் போதுமானவை. எங்கள் ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், 1979-ஆம் ஆண்டின் கன்னியாகுமரி நிலைய வரைபடம், அதைச் சொல்லித் தந்தவர்களின் பெயர்களோடு, அடுத்த ஆண்டு மலரில் ஒரு முழுப் பக்கத்தில் அச்சாகட்டும்.