யானையை வாங்கி அங்குசத்துக்குப் பேரம்

கார் பிரியர்கள் கூடும் இடத்தில் ஒரு பெயரைச் சொன்னால் போதும், எல்லோரும் எழுந்து நின்று கும்பிடுவார்கள். ஆடி க்யூ7 வி12 டி.டி.ஐ. 2008-ல் வந்த வண்டி. 6 லிட்டர், 12 சிலிண்டர், 500 குதிரைத்திறன், 1000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. விற்பனைக்கு வந்த பயணிகள் கார்களில் வி12 டீசல் எஞ்சின் ஏறியது இது ஒன்றில்தான்.

கும்பிடுவதில் பாதி நியாயம் இருக்கிறது. எஞ்சினைக் கும்பிடலாம், தப்பே இல்லை. ஆனால் அந்த எஞ்சினைச் சுமந்த வண்டியை "பொறியியல் அதிசயம்" என்று கொண்டாடுகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. அது அதிசயம் இல்லை. தானே இழுத்துவிட்டுக்கொண்ட தொல்லைகளுக்குத் தானே செய்துகொண்ட வைத்தியம். அவ்வளவுதான்!

முதலில் எஞ்சினுக்கு ஒரு சலாம்

பாராட்ட வேண்டியதைப் பாராட்டாமல் திட்டினால் அது வயிற்றெரிச்சல் ஆகிவிடும். அதனால் முதலில் இது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், அதாவது 720 டிகிரி திரும்பினால், எல்லா சிலிண்டரும் ஒரு முறை வெடித்து முடிக்கும். 12 சிலிண்டர் என்றால் 60 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. இரண்டு சிலிண்டர் வரிசைகளையும் அதே 60 டிகிரி கோணத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு வரிசையிலும் இருக்கும் ஆறு சிலிண்டர்கள் ஒன்றின் ஆட்டத்தை ஒன்று சரிக்கட்டிக்கொள்ளும். டீசலுக்கே உரிய குலுக்கல் அடங்கிவிடும்.

பிளாக்குக்குச் சாதாரண வார்ப்பிரும்பு போதவில்லை. உள்ளே கிராஃபைட் தட்டையாகக் கிடக்காமல் புழு மாதிரி நெளிந்து கிடக்கும் ஒரு ரக வார்ப்பிரும்பு. பலம் அதிகம், அதனால் சுவரை மெல்லியதாக வார்க்கலாம். டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் 2,000 பார். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். ஆயிரம் மடங்கு! இரண்டு டர்போ. 1,750 சுற்றிலேயே முழு 1000 நியூட்டன் மீட்டரும் கைக்கு வந்துவிடும்.

பின்னணியில் பந்தயப் பெருமையும் உண்டு. 2006-ல் ஆடியின் ஆர்10 கார், லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த முதல் டீசல் கார் ஆனது. 2007, 2008 இரண்டிலும் அதுவே ஜெயித்தது. அதிலும் வி12 டீசல்தான். அலுமினிய பிளாக், 5.5 லிட்டர், வேறு கோணம், வேறு எஞ்சின். ஆனாலும் விளம்பரத்துக்கு உறவு கொண்டாட அது போதுமே.

பிறகு வந்தது உடம்பு

பந்தய ஆர்10-க்கு விதிப்படி குறைந்தபட்ச எடை 925 கிலோ. க்யூ7 வி12 எடை 2,600 கிலோவைத் தொடும். 5 மீட்டருக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட 2 மீட்டர் அகலம், 1.7 மீட்டருக்கு மேல் உயரம். இந்த உடம்பை 100 கி.மீ. வேகத்துக்கு 5.5 விநாடியில் கொண்டுபோகிறது அந்த எஞ்சின். உச்ச வேகம் 250 கி.மீ.; அதுவும் எலக்ட்ரானிக் கடிவாளம் போட்டு நிறுத்தியது.

பள்ளிக்கூட இயற்பியல் போதும். இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதம், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 2,600 கிலோ 100 கி.மீ. வேகத்தில் போனால் சுமார் 10 லட்சம் ஜூல். 250-ல் போனால் 60 லட்சத்துக்கும் மேல். பிரேக் மிதித்தால் இதில் பெரும்பகுதி பிரேக் தட்டில் சூடாக இறங்க வேண்டும். இரும்புத் தட்டு திரும்பத் திரும்ப இதைத் தாங்காது, எனவே செராமிக் பிரேக். 1000 நியூட்டன் மீட்டரைத் தாங்கப் பலப்படுத்திய கியர்பாக்ஸ். உயரமான உடம்பு வளைவில் சாயாமல் இருக்க ஏர் சஸ்பென்ஷன். இத்தனையையும் தாங்க அகலமான டயர். இவற்றில் பல எடையைக் கூட்டும். கூடிய எடைக்கு இன்னும் பலம் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

இதில் ஒவ்வொரு பாகமும் தனியாகப் பார்த்தால் அருமையான வேலை. மொத்தமாகப் பார்த்தால், "இவ்வளவு உயரமும் எடையும் எதற்கு?" என்ற முதல் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதற்குச் சாட்சி.

ஐரோப்பாவில் சரக்கோடு சேர்த்து மொத்தம் 40 டன் எடையில் போகும் லாரிகளிலும் 500 குதிரைத்திறன் எஞ்சின் சாதாரணம். டன்னுக்குப் பன்னிரண்டரை குதிரை. க்யூ7 வி12-ல் டன்னுக்கு 190 குதிரைக்கு மேல்! லாரி மாவு மூட்டையையும் மருந்துப் பெட்டியையும் ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கிறது. இது பெரும்பாலும் ஒரு ஆளையும் ஒரு லேப்டாப்பையும் சுமக்கிறது.

இன்னொரு கூத்து. 2008 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் இதே எஞ்சினைத் தாழ்வான, இரண்டு பேர் உட்காரும் ஆர்8 காரில் பொருத்திக் காட்டினார்கள். எடையும் உயரமும் குறைந்த, அந்த எஞ்சினுக்கு ஏற்ற உடம்பு. அது கடைக்கே வரவில்லை. வந்தது யானைதான்.

சிக்கனமாம், சிக்கனம்!

"500 குதிரைக்கு 100 கி.மீ.க்கு 11.3 லிட்டர்தானே, பெட்ரோலில் முடியுமா?" என்பது ரசிகர்களின் பிரம்மாஸ்திரம். அந்த எண் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவின் அன்றைய அதிகாரப்பூர்வச் சோதனையிலிருந்து. ஆய்வகத்தில் உருளைகள் மேல் 1,180 விநாடி, சுமார் 11 கி.மீ. ஓட்டம். சராசரி வேகம் 34 கி.மீ.கூட இல்லை. உச்சமே 120 கி.மீ.தான், அதுவும் சில விநாடி. அந்தச் சோதனை 500 குதிரையில் பெரும்பகுதியை லாயத்தை விட்டு வெளியே கூப்பிடவே இல்லை!

500 குதிரைக்காகக் காசு கொடுத்தவர் அதைப் பயன்படுத்தினால் 11.3 என்ற எண் பொய். பயன்படுத்தாவிட்டால் 500 என்ற எண் வெறும் ஜம்பம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

அந்த மென்மையான சோதனையிலேயே கி.மீ.க்கு 298 கிராம் கார்பன் டை ஆக்சைடு. டீசல் திறமையான எஞ்சின்தான், மறுக்கவில்லை. அந்தத் திறமை முழுவதையும் உடம்பே தின்றுவிட்டது.

அங்குசத்துக்கு இடமில்லை

வி12-ன் சிலிண்டர் விட்டம் 83 மி.மீ., ஸ்ட்ரோக் 91.4 மி.மீ. ஆடியின் 3 லிட்டர் வி6 டீசலிலும் அதே அளவுகள். 2,967 சி.சி.யை இரண்டால் பெருக்கினால் 5,934, அதுதான் வி12. அமெரிக்காவில் வி12 விற்கப்படவில்லை. அங்கே பெரிய எஸ்யூவிகளில் ஓடியது தம்பி வி6. கதை நாறிப்போனது அங்கேதான்.

டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டு. நுரையீரலுக்கு ஆகாதவை. அவற்றை ஒடுக்க ஒரு நல்ல வழி, யூரியா கலந்த நீரான ஆட்ப்ளூவைப் புகையில் பீய்ச்சுவது. வினையூக்கியில் வினை நடந்து நைட்ரஜனும் தண்ணீருமாகப் பிரிந்துவிடும். எளிமையான வேதியியல். ஒரே தொல்லை, ஆட்ப்ளூவுக்குத் தனித் தொட்டி வேண்டும்.

எவ்வளவு பெரிய தொட்டி? 10,000 மைலுக்கு ஒரு சர்வீஸ், அதாவது 16,000 கி.மீ. 100 கி.மீ.க்கு 10 லிட்டர் என்றால் 1,600 லிட்டர் டீசல். அதில் 3 சதவீதம் ஆட்ப்ளூ என்று வைத்துக்கொண்டாலும் 48 லிட்டர். ஐந்து மீட்டர் வண்டியில், 100 லிட்டர் டீசல் டேங்குக்கு இடம் இருக்கும் வண்டியில், இதற்கு இடம் இருக்காதா?

இல்லையாம்! வாடிக்கையாளர் சர்வீஸுக்கு நடுவில் ஆட்ப்ளூ ஊற்ற நின்றால் சொகுசு கெட்டுவிடுமாம். தொட்டியும் சின்னதாக இருக்க வேண்டும், அது சர்வீஸ் வரைக்கும் தாங்கவும் வேண்டும். என்ன செய்வது? குறைவாகப் பீய்ச்ச வேண்டியதுதான்.

2015 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 3 லிட்டர் டீசல்கள் மீது நோட்டீஸ் விட்டது. சோதனையின் முதல் கட்டங்கள் 1,370 விநாடியில் முடியும். அது முடிந்த அடுத்த விநாடியே மென்பொருள் சுத்தப்படுத்தும் வேலையைத் தளர்த்திவிடும். அதன்பின் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல் 9 மடங்கு வரை. அதே மாதத்தில், 2009 முதல் அங்கே விற்ற 3 லிட்டர் டீசல்கள் எல்லாவற்றிலும், க்யூ7 உட்பட, அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே சொன்னது. 2017-ல் குற்றத்தையும் ஒப்புக்கொண்டது.

இது ஒரு கம்பெனியின் அயோக்கியத்தனம் மட்டும் என்று தள்ளிவிட முடியாது. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கும் பி.எம்.டபிள்யூ.வுக்கும் சேர்த்து சுமார் 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது. துப்புக் கொடுத்ததால் டைம்லர் தப்பித்தது. குற்றம் என்ன? ஆட்ப்ளூ தொட்டியின் அளவிலும், அது எத்தனை கி.மீ. தாங்க வேண்டும் என்பதிலும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. சட்டம் கேட்பதைவிட நன்றாகச் சுத்தம் செய்யும் நுட்பம் கையில் இருந்தும், அதில் போட்டி போடாமல் ஒதுங்கியது.

2,000 பார் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சத் தெரிந்த துறை அது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியைப் பெரிதாக்கத் தெரியவில்லை என்றால் யார் நம்புவது? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது என்பது இதுதான்.

"ஆனா..." என்பவர்களுக்கு

"ஏழு பேர் போகலாமே?" ஏழு பேருக்கு வேன் இருக்கிறது, இடமும் கூடுதல். "படகு இழுக்கலாமே?" அந்த வேலையைத் தம்பி வி6 செய்துகொண்டுதான் இருந்தது. "காசு இருக்கிறவன் வாங்கறான், உனக்கென்ன?" என்பது கடைசி வாதம். காசு அவருடையது, சரி. புகை? அது நடைபாதையில் போகிறவர் மூக்குக்குள் அல்லவா போகிறது!

வி12 டீசல் 2012-ல் நின்றது. 2018-ல் போர்ஷே டீசலையே கைவிடுவதாக அறிவித்தது. 900 நியூட்டன் மீட்டர் டீசலோடு 2016-ல் வந்த எஸ்க்யூ7-க்கும் 2020-ல் ஐரோப்பாவில் பெட்ரோல் எஞ்சின் வந்தது. வியாதி போய்விட்டதா? எரிபொருள்தான் மாறியது. அமெரிக்காவின் மின்சார ஹம்மர் சுமார் 4,100 கிலோ. அதில் பேட்டரி மட்டும் 1,300 கிலோ, ஒரு முழு சின்னக் காரின் எடை. அதற்கும் அதே கைதட்டல்.

நல்ல பொறியியல் முதல் கோட்டிலேயே தொடங்குகிறது, எவ்வளவு உயரம், எவ்வளவு எடை, யாருக்காக என்று. அங்கே தப்புச் செய்துவிட்டு மேலே 12 சிலிண்டரை அடுக்கினாலும் சரி, பேட்டரியை அடுக்கினாலும் சரி, அது தப்பை வேகமாக ஓட்டுவதுதான்.