விழுந்த மரம் குப்பையன்று, அமானிதம்



2018 நவம்பர் 16 அதிகாலையை நம் கடற்கரை ஊர்கள் எளிதில் மறக்கா. வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றது. எங்கள் கொல்லையில் இரண்டு தென்னைகளும், வாப்பா நட்டு வளர்த்த மாமரமும் வீழ்ந்தன. நான்காம் நாள் எந்திர வாளுடன் ஆட்களை அழைத்தேன். அரை நாளில் மூன்றையும் துண்டாக்கி, டிராக்டரில் ஏற்றிச் சென்று, ஊருக்கு வெளியே கொட்டி எரித்தார்கள். கூலியைக் கொடுத்துவிட்டு, "கொல்லை சுத்தமாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அந்த வார்த்தையை நினைத்து இன்று நாணுகிறேன்.

அதே வாரம் அடுத்த தெருவில், கணவரை இழந்த மாமி ஒருவரின் கொல்லையிலும் ஒரு தென்னை விழுந்தது. அவர் குருத்தை வெட்டிச் சமைத்து அண்டை வீடுகளுக்கும் பகிர்ந்தார். ஓலையை நனைத்துக் கீற்று முடைந்தார். காற்று பிய்த்தெறிந்த அடுக்களைக் கூரை அக்கீற்றால் மீண்டும் எழுந்தது. ஈர்க்குகள் விளக்குமாறாயின. மட்டைகள் அடுப்புக்குப் போயின. அடிமரம் பிளக்கப்பட்டு, கூரைக்கு உத்திரமாயிற்று. வசதியுள்ள நான் பணம் கொடுத்து எரித்ததை, வசதியற்ற அவர் காசின்றி வாழ்வாக்கினார். எங்கள் இருவரில் மார்க்கத்தை விளங்கியவர் யார்?

வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் (17:27) கண்டிப்பதை, கல்யாண விருந்தில் மிஞ்சிய பிரியாணியைக் காணும்போது மட்டும் நாம் நினைவுகூர்கிறோம். முப்பது ஆண்டுகள் நிழலும் கனியும் தந்த மரத்தை அரை நாளில் சாம்பலாக்குவது விரயமில்லையா?

மைமூனா (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாகாதா என்று வினவினார்கள். செத்த ஆடாயிற்றே என்று சொல்லப்பட்டபோது, உண்பதுதான் தடை என விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. செத்த ஆட்டின் தோல்கூட வீணாகலாகாது எனில், விழுந்த மரம் எம்மாத்திரம்? மஸ்ஜிதுந் நபவீ எழுந்த இடத்திலிருந்து வெட்டப்பட்ட பேரீச்ச மரங்கள் எரிக்கப்படவில்லை. கிப்லாத் திசையில் வரிசையாக நிறுத்தப்பட்டன.

இதைச் சொன்னால் மூன்று மறுப்புகள் வருகின்றன.

முதலாவது, "காற்றில் சாய்ந்த மரம் வீட்டுக்கு ஆகாது, நிலை வைத்தால் குடும்பம் விளங்காது" என்பது. ஐவேளை தொழுபவர்களே இதைச் சொல்கிறார்கள். வாப்பாவின் மாமரத்தைக் காட்டி ஒருவர் இவ்வாறு சொன்னபோது நானும் வாய்மூடித் தலையசைத்தேன். சகுனம் பார்ப்பதை இணைவைப்பு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, ஏகத்துவம் பேசும் நம் வீடுகளுக்குள் இந்த அச்சம் எவ்வாறு நுழைந்தது? காற்றில் முறிந்த மரத்தில் உள்வெடிப்பு இருக்கலாம் என்பது தச்சரின் அறிவு. சோதித்து எடுப்பது நியாயமே. ஆனால் வெடிப்பைப் பார்ப்பது வேறு, விதியைப் பார்ப்பது வேறு.

இரண்டாவது, "கூலி கட்டாது" என்பது. நூற்றுக்கணக்கில் தென்னைகளை இழந்த விவசாயிக்கு இது மெய். அவரை நான் குறை கூறவில்லை. தென்னை ஒன்றுக்கு அரசு அறிவித்த 1,100 ரூபாயில் 500 ரூபாய், வெட்டி அகற்றுவதற்கென்றே வழங்கப்பட்டது. ஆனால் கொல்லையில் ஒன்றிரண்டு மரங்களை இழந்த நாமும் 'அகற்றுதல்' என்ற சொல்லையே பற்றிக்கொண்டோம். அகற்றுவதற்குக் கூலி கொடுக்க முடிந்த நமக்கு, அறுப்பதற்குக் கொடுக்க மட்டும் கணக்கு உதைக்கிறது!

மூன்றாவது, "அல்லாஹ்வின் நாட்டம், கிடக்கட்டும்" என்பது. மரம் விழுந்தது அவன் நாட்டம். அதை அழுக விடுவது நம் சோம்பல். அழுகும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, அண்டை வீட்டுத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைப்பதைப் பொறுமை என்று எப்படி அழைப்பது?

இனியொரு புயல் வராமல் இராது. அன்று அவசரப்படாதீர்கள். மதிலைத் தாண்டி உங்கள் கொல்லையில் விழுந்தது அண்டை வீட்டு மரமெனில் அது அவருடையது. அனுமதி பெறாமல் கிளையையும் தொடாதீர்கள். உங்கள் மரமெனில் முதலில் ஒரு தச்சரிடம் காட்டுங்கள். மாமரத்தைத் தாமதிக்காமல் பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து, நிழலில் அடுக்கி உலர்த்துங்கள். கிடந்தால் பூச்சி துளைத்துவிடும். முதிர்ந்த தென்னையின் அடிமரத்தில் வெளிப்புறமே வைரம்; நடுப்பகுதி மென்மையானது. வைரத்தை மண்ணில் புதைக்காமல் கூரைக்குக் கொடுங்கள். வேம்பும் பூவரசும் கதவுக்கும் கட்டிலுக்கும் உதவும். தழையைக் குழியிலிட்டு எருவாக்குங்கள். உங்களுக்கு எதுவுமே தேவையில்லையா? விறகடுப்பில் சமைக்கும் வீடு ஒன்று உங்கள் மஹல்லாவிலேயே இருக்கும். அங்கே கொண்டு சேர்ப்பது தர்மம். அதன் பின், விழுந்த இடத்தில் ஒரு கன்று நடுங்கள்.

வாப்பாவின் மாமரத்திலிருந்து என்னிடம் இன்று ஒரு பலகைகூட இல்லை. அவர் நட்டதற்கான நன்மை அவருக்கு உண்டு, இன்ஷா அல்லாஹ். நான் எரித்ததற்கான கணக்கு எனக்கு உண்டு. அந்தக் கணக்கிலிருந்து உங்களையேனும் வல்ல ரஹ்மான் காப்பானாக, ஆமீன்.